சத்தியக் கடதாசி எழுத உதவப் போகிறவர்களுக்கு

வன்னியில் ஒரு பெண் அடிபட்டு, அல்லது அதைவிட மோசமாகப் பாதிக்கப்பட்டு, வாய் திறந்து கதைக்கத் தொடங்கும்போது அவர் முன்னால் இருப்பவர் பெரும்பாலும் சட்டத்தரணி இல்லை. மாதர் சங்கத் தலைவியாக இருப்பார், முன்பள்ளி ரீச்சராக இருப்பார், பிரதேச செயலகத்துக்குப் புதிதாக வந்த பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருப்பார். "ஒரு சத்தியக் கடதாசி முடிச்சுத் தாங்கோ" என்ற வேலை, அதாவது நடந்ததை எழுதி, உண்மை என்று சத்தியம் செய்து கையெழுத்து வைக்கும் தாளைத் தயாரிக்கும் வேலை, அவர்கள் தலையில்தான் விழும். அப்படிப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டத்தரணியின் இடத்தை இது நிரப்பாது. அவரிடம் போகும்போது கையில் ஒழுங்கான தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். கடதாசி எழுதுகிற அன்று அதை வாசிக்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பெண்ணின் பக்கம் நிற்பவர்கள். சில வருடம் கழித்து அதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவரைச் சாட்சிக் கூண்டில் வைத்துக் கேள்வி கேட்பவர் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி. "அம்மா, இதில மூண்டு பேர் எண்டு இருக்கு, இண்டைக்கு ரெண்டு பேர் எண்டு சொல்லுறியள், எது உண்மை?" அந்த வாசகரை மனதில் வைத்து எழுதுங்கள். கீழே சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்து வருவதுதான்.

எந்தக் கதவுக்கு இந்தத் தாள்?

எங்கே கொடுக்கப் போகிறோம் என்று தெரியாமல் எழுதப்படும் கடதாசிகள்தான் இங்கே அதிகம். முதலில் அதைத் தீர்மானியுங்கள்.

வீட்டுக்குள் நடப்பது என்றால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டு விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவரே கேட்கலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். விண்ணப்பப் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே உண்டு. விஷயம் தெரிந்த மற்றவர்களின் சத்தியக் கடதாசிகளை அதோடு இணைக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. நம்முடைய வேலை கூடுதலாக இங்கேதான். இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மகனிடம் அடிவாங்கும் தாய், அண்ணனிடம் மிரட்டல் வாங்கும் தங்கச்சி, பிரிந்துபோன கணவன் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் பெண் எல்லாருக்கும் இது பொருந்தும். உடம்பில் காயம் இருந்தால்தான் என்றும் இல்லை. கொடுமையான, இழிவுபடுத்தும் நடத்தை பாரதூரமாகத் தொடர்ந்து நடந்தால் அதுவும் உளரீதியான துஷ்பிரயோகமாக இதற்குள் வரும். சட்டப்படி பிரிந்து வாழாத கணவன் செய்யும் பாலியல் பலாத்காரம் நம்முடைய தண்டனைச் சட்டக்கோவையில் வன்புணர்வாக வராது. அது வெட்கக்கேடுதான். ஆனாலும் பாதுகாப்புக் கட்டளை கேட்கும்போது அந்தக் கொடுமையையும் எழுதலாம், எழுத வேண்டும்.

குற்ற வழக்கு என்றால் கதை வேறு. வன்புணர்வு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், கடும் காயம் போன்றவற்றில் பொலிஸ் வாக்குமூலம் எடுக்கும், சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார், வழக்கு நடந்தால் பெண் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சத்தியக் கடதாசி இதில் எதற்கும் மாற்று இல்லை. 2010 ஜூனில் விசுவமடுவில் நடந்த பாலியல் வன்முறைச் சம்பவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் நான்கு படையினருக்கு 2015 ஒக்டோபரில் சிறைத்தண்டனை விதித்தது, 2019 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அத்தனை வருடமும் பாதிக்கப்பட்டவர்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்பத் திரும்ப வாசிக்கப்படும். குற்ற வழக்குக்குப் போகிற விஷயத்தில், பொலிஸ் வாக்குமூலத்துக்கு முன்னால் நீங்களாக ஒரு நீண்ட கடதாசி எழுதி வைப்பது உதவியை விடக் கெடுதியாகவே முடியலாம். முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பொலிஸ், படை, அரச அதிகாரி செய்தது என்றால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. மனுவோடு சத்தியக் கடதாசி போக வேண்டும், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். கொழும்புக்குப் போக ஆள் தேடி, காசு தேடி முடிவதற்குள் அந்த மாதம் ஓடிவிடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அவர்களது விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. ஆகவே அந்த முறைப்பாட்டின் திகதி முத்திரை பதிந்த பிரதியை பத்திரமாக வைத்திருங்கள்.

இன்னொன்று, போர்க்காலத்தில் நடந்தது. கொலை, இராசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை 20 வருடத்தோடு முடியும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 456 ஆம் பிரிவு சொல்கிறது. 2009 இல் நடந்ததற்கு 2029. இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு "பிறகு பார்ப்பம்" என்று இருப்பவர்களிடம் மெதுவாகச் சொல்லுங்கள், வற்புறுத்தாமல். வெளியே கொடுப்பதானால் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் இலங்கை தொடர்பான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிறது. 2021 மார்ச்சில் மனித உரிமைகள் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானம் அதற்கு வழிவிட்டது.

பேனை எடுக்க முன்

காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் போனால் நல்லது. மாற்றியிருந்தால் அந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போட்டு எடுத்துப்போகச் சொல்லுங்கள், பொலித்தீன் பை வேண்டாம். பொலிசுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கும் போகலாம், அங்கிருந்து பொலிசுக்கு அறிவிப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் 'நட்பு நிலையம்' என்று ஓர் அறை இருக்கும். வன்முறைக்கு உள்ளானவர்களுக்காகவே வைத்தது. உடனடி ஆபத்து என்றால் 119, பெண்கள் உதவி இலக்கம் 1938.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் உங்கள் வேலை அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். பிள்ளையை இருத்திக் கேள்வி கேட்டுக் கடதாசி எழுத வேண்டாம். 1929 க்கு அழையுங்கள். பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் ஏற்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளை ஒரே கதையை நான்கு பேருக்குச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் அது. நீங்கள் ஐந்தாவது ஆளாகிவிடக் கூடாது. தாயோ பாட்டியோ தாங்கள் கண்டதை எழுதிக் கொடுக்கலாம், அது வேறு.

பெரியவர் என்றால் இருந்து கதைக்க இடம் பாருங்கள். அவர் வீட்டில் வேண்டாம், கோயில் மண்டபத்திலும் வேண்டாம். பிரதேச செயலகத்தில் ஓர் அறை கேட்டு வாங்கலாம். முதல் முறை ஒன்றும் எழுதாமல் கேளுங்கள். எங்கள் ஊர்ச் சனம் ஆணைக்குழு, தொண்டு நிறுவனம், ஐ.நா. அலுவலகம் என்று வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிச் சொல்லி, படிவம் நிரப்பி நிரப்பிக் களைத்த சனம். "இதையும் எழுதிக்கொண்டு போய் என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. இந்தத் தாள் யார் கைக்குப் போகும், யார் வாசிப்பார்கள், எதிராளிக்கும் ஒரு பிரதி போகுமா (நீதிமன்றத்தில் போட்டால் போகும்), வேண்டாம் என்றால் எதுவரை நிறுத்தலாம் என்று நேராகச் சொல்லுங்கள். நிச்சயம் வெல்லலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், முன்னால் எங்கெங்கே எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேளுங்கள். பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழு, காணாமல் போனோர் விசாரணை, எதுவாக இருந்தாலும் பிரதி கிடைத்தால் வாங்கி வாசியுங்கள். முந்தியதில் ஒரு பிழை இருந்தால், புதிய கடதாசியில் அதை ஒளிக்காமல் "முன்பு கொடுத்த முறைப்பாட்டில் இன்ன திகதி என்று எழுதப்பட்டுள்ளது, அது பிழை, சரியான திகதி இது, பிழை நேர்ந்த காரணம் இது" என்று ஒரு பந்தி போடுங்கள். இரண்டு தாளும் இரண்டு கதை சொல்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

திகதி

புதியவர்கள் கூடுதலாகத் தடுமாறுவது இங்கேதான். "எப்ப நடந்தது அக்கா?" என்றால் "மாத்தளனுக்குப் போக முதல்" என்று பதில் வரும். அதை ஒரு பிழையான பதில் என்று நினைத்து, ஏதோ ஒரு திகதியைப் போட்டு நிரப்பிவிடாதீர்கள். அது நல்ல பதில், அதைப் பிடித்துக்கொண்டு தேடினால் திகதி வரும்.

கிளிநொச்சி 2009 ஜனவரி 2 இல் இராணுவத்தின் கையில் போனது. முல்லைத்தீவு ரவுண் அதே ஜனவரி 25 இல். ஏப்ரல் 20 இல் புதுமாத்தளன் மண் அணை உடைந்து பெருந்தொகையாகச் சனம் வெளியே வந்தது. மே 18 உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. போருக்குப் பிந்திய விஷயம் என்றால் 2018 மார்கழியில் இரணைமடு திறந்து வந்த வெள்ளம், 2020 மார்ச் 20 ஊரடங்கு, 2022 பெற்றோல் வரிசை. ஆண்டு தெரிந்துவிட்டால் மாதத்துக்கு வற்றாப்பளைப் பொங்கல், மடு ஆவணித் திருவிழா, காலபோக வெட்டு, சிறுபோக விதைப்பு, பிள்ளையின் புலமைப்பரிசில் சோதனை இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகலாம். பழைய பஞ்சாங்கக் கலண்டர் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் பௌர்ணமி, அமாவாசை கூடத் தெரியும். இருட்டில் ஆளை எப்படி அடையாளம் கண்டாய் என்று ஒருநாள் கேட்பார்கள். நிலவு இருந்ததா என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

அப்படியும் சரியான நாள் வராவிட்டால் "2009 ஆம் ஆண்டு பெப்ரவரி மாத நடுப்பகுதியில், நாங்கள் தேவிபுரத்தில் இருந்து இடம்பெயர்ந்து சில நாட்களுக்குள்" என்று எழுதுங்கள். "எனக்குச் சரியான திகதி நினைவில்லை" என்ற வசனம் கடதாசியைப் பலவீனமாக்காது. பிழையான திகதி பலவீனமாக்கும்.

எழுதுவது

ஒரு கற்பனை உதாரணம் எடுப்போம். அவர் சொல்வது இப்படி: "அவர் நெடுகக் குடிச்சிட்டு வந்து அடிப்பார். பொங்கலுக்கும் அடிச்சவர். கொத்துவன் எண்டு சொன்னவர்."

கந்தோர்ப் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கேட்டவுடன் எழுதுவது: "எதிராளியானவர் மதுபோதையில் தொடர்ச்சியாக என்மீது உடல் மற்றும் உளரீதியான சித்திரவதைகளை மேற்கொண்டு வந்தார்." பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் இதில் நீதவான் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணிடம் 'மேற்கொண்டு வந்தார்' என்றால் என்ன என்று கூண்டில் வைத்துக் கேட்டால் அவர் விழிப்பார்.

நான் எழுதச் சொல்வது இப்படி:

7. 2024 ஜனவரி 16 ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு மறுநாள் இரவு, நான் குசினியில் நின்றேன். எனது கணவர் வீட்டுக்கு வந்தார். அவரில் கசிப்பு மணம் வந்தது.

8. அவர் விறகுக் கட்டையால் எனது இடது கையில் இரண்டு தரம் அடித்தார். கை வீங்கியது.

9. "பொலிசுக்குப் போனால் கொத்துவன்" என்று எனக்குச் சொன்னார். அப்போது எனது மாமியும் மூத்த மகளும் அந்த இடத்தில் நின்றார்கள்.

10. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் எனது கைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தத் துண்டின் பிரதி 'பி2' என இணைக்கப்பட்டுள்ளது.

ஒரு பந்திக்கு ஒரு விஷயம், இலக்கம் போட்டு. யார், எங்கே, எதால், எந்த இடத்தில், யார் பார்த்தது. மிரட்டலை அவர் வாயில் வந்தபடியே மேற்கோளுக்குள் போடுங்கள், தூஷணம் இருந்தாலும் அப்படியே. "நெடுக அடிப்பார்" என்பதை விட வேண்டாம். கடைசி மூன்று சம்பவங்களை மேலே உள்ளதுபோல விரித்து எழுதிவிட்டு, "இதற்கு முன்பும் மாதத்தில் பல தடவைகள் இவ்வாறு நடந்தது, ஒவ்வொன்றினதும் திகதி நினைவில்லை" என்று சேருங்கள். தொடர்ச்சியான நடத்தை என்று காட்ட அது உதவும்.

பாலியல் வன்முறை என்றால் கேட்பதும் கஷ்டம், சொல்வதும் கஷ்டம், எழுதுவதும் கஷ்டம். "என்னைக் கெடுத்துப்போட்டான்" என்று மட்டும் எழுதினால் போதாது. நடந்த செயல் எது என்பதைப் பொறுத்தே அது வன்புணர்வா, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகமா என்று குற்றம் மாறும், தண்டனையும் மாறும். ஒரு பெண்தான் கேட்க வேண்டும், ஒரே ஒரு தரம் கேட்க வேண்டும். அவர் பாவிக்கும் சொல்லிலேயே எழுத வேண்டும், உங்கள் கூச்சத்தை அவர் தாளில் ஏற்றக் கூடாது. சொல்ல முடியாமல் அழுதால் அன்றைக்கு நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். ஒரு மாதக் கெடு ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அந்தத் தாமதத்துக்கு இடமில்லை. அப்போது சட்டத்தரணியையும் கூட்டிக்கொண்டு ஒரே இருப்பில் முடிக்கப் பாருங்கள்.

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். சத்தியக் கடதாசியில் இருப்பது அவர் தானே கண்டதும் கேட்டதும் அனுபவித்ததும் என்பதுதான் சட்டத்தின் எதிர்பார்ப்பு. "அவர் வேறு பெண்ணோடு இருக்கிறார் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னா" என்பதைத் தூக்கிவிடுங்கள். "பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தா" என்பது இருக்கட்டும், அந்த அக்காவிடம் தனியாக இன்னொரு கடதாசி வாங்குங்கள். அவர் கண்ட கொஞ்சத்தை அவர் சொல்லட்டும்: சத்தம் கேட்டது, வேலியால் எட்டிப் பார்த்தது, கையில் வீக்கம் கண்டது. அரைப்பக்கம் போதும். இரண்டு கடதாசியும் ஒரே வசனத்தில் அச்செடுத்தது போல் இருந்தால் நீதவான் கவனிப்பார். கிராமத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்து ஐந்து பேர் கையெழுத்துப் போடும் வழக்கம் காணி விஷயத்துக்கு ஒருவேளை ஓடும், இதற்கு ஓடாது.

தட்டச்சுக் கடை

நீதிமன்றத்துக்கும் கச்சேரிக்கும் முன்னால் இருக்கும் கொமினிகேஷன் கடைகளில்தான் பெரும்பாலும் கடதாசி அடிக்கிறோம். அங்கே பையன் சத்தமாக வாசித்துக்கொண்டு அடிப்பான், பின்னால் போட்டோக்கொப்பி எடுக்க நாலு பேர் நிற்பார்கள். அடித்த கோப்பு அந்தக் கம்பியூட்டரிலேயே கிடக்கும். அடுத்த கிழமை இன்னொருவருக்கு அடிக்கும்போது அதையே திறந்து பெயரை மாற்றுவான். முந்தியவரின் ஒரு பந்தி அதிலே தப்பிக் கிடப்பதும் உண்டு. முடிந்தால் உங்கள் மடிக்கணினியில் அடித்து, பென் டிரைவில் கொண்டுபோய்ப் பிரிண்ட் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்ப வேண்டாம். கையால் தெளிவாக எழுதின கடதாசியும் செல்லும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை இன்னார் என்று தெரியும்படி வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம். பேஸ்புக்கில் போட நினைக்கிற உங்கள் நண்பருக்கும் அதைச் சொல்லிவையுங்கள்.

ஜே.பி. முன்னால்

சமாதான நீதவான் (ஜே.பி.) அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளர் முன்னிலையில் கையெழுத்து வைத்தால்தான் அது சத்தியக் கடதாசி. அதுவரை வெறும் கடிதம். சட்டத்தரணிகள் பலர் சத்தியப் பிரமாண ஆணையாளர்களாக இருக்கிறார்கள்.

ஊர் ஜே.பி. யார் என்று பாருங்கள். ஓய்வுபெற்ற அதிபராக இருப்பார், கோயில் நிர்வாகத்தில் இருப்பார், கணவனுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பாவாகவும் இருப்பார். அவரிடம் காலை கையெழுத்து வைத்தால் மத்தியானத்துக்குள் விஷயம் சந்திக் கடைக்கு வந்துவிடும். "பிள்ளை, குடும்பம் எண்டால் இப்பிடித்தான்" என்று ஒரு உபதேசமும் கிடைக்கும். நெடுங்கேணிக்காரரைப் புளியங்குளத்துக்கோ வவுனியாவுக்கோ கூட்டிப்போங்கள். பஸ் காசு பெரிய செலவு இல்லை.

இன்னும் சிலர் நல்லெண்ணத்தில் "வைச்சிட்டுப் போங்கோ தம்பி, பின்னேரம் கையெழுத்துப் போட்டு வைக்கிறன்" என்பார்கள். வேண்டாம். வெளிப்படுத்துநர், அதாவது கடதாசி கொடுப்பவர், ஜே.பி.யின் கண் முன்னால் கையெழுத்து வைக்க வேண்டும். "இதை எங்கே வைத்துக் கையெழுத்திட்டீர்கள், அந்த ஐயா அப்போது இருந்தாரா?" என்பது எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கலாம். பெண் உண்மையைச் சொன்னால் கடதாசி போகும், பொய் சொன்னால் அவர் போவார். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது பற்றி நான் எழுதவே தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் நடக்கிறது.

தொடக்க வசனத்தில் சமயம் வரும். இந்து, பௌத்தர், முஸ்லிம் என்றால் 'உண்மையாகவும் நேர்மையாகவும் பயபக்தியுடனும் உறுதிமொழிந்து கூறுவதாவது', கிறிஸ்தவர் என்றால் 'சத்தியம் செய்து கூறுவதாவது'. மன்னார்ப் பக்கம் கடைக்காரர் பழைய கோப்பைத் திறந்து அடிக்கும்போது இது மாறிப்போகும், பாருங்கள். கடைசியில் ஜே.பி. எழுதும் சான்றுப் பகுதியில் இடம், திகதி, வாசித்து விளக்கப்பட்டது, விளங்கிக்கொண்டார், என் முன்னிலையில் கையொப்பமிட்டார் என்பது எல்லாம் இருக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்றால் அந்த 'வாசித்து விளக்கப்பட்டது' என்ற வரி கட்டாயம், விரல் அடையாளம் போதும். ஜே.பி. உண்மையிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். இந்தப் பகுதியில் குறை இருந்ததற்காகவே மனுக்கள் தள்ளுபடியான தீர்ப்புகள் நம்முடைய மேல் மட்ட நீதிமன்றங்களில் உண்டு. வெட்டித் திருத்திய இடம் ஒவ்வொன்றிலும் இரண்டு பேரும் சிறு கையொப்பம் வைக்கட்டும், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வைக்கட்டும். ஜே.பி.யின் இறப்பர் முத்திரையில் பெயரும் பதிவிலக்கமும் தெளிவாக விழுந்ததா என்று பார்த்துவிட்டு எழும்புங்கள்.

மேன்முறையீட்டு நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என்று கொழும்புக்குப் போகிற கடதாசிக்கு ஆங்கில அல்லது சிங்கள மொழிபெயர்ப்புத் தேவைப்படும். தமிழில் கையெழுத்திட்ட மூலத்தோடு, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் தாளை இணைப்பதுதான் சரி. தனக்கு விளங்காத ஆங்கிலக் கடதாசியில் பெண்ணின் கையெழுத்தை வாங்குவது பெரிய பிழை.

மறுகடதாசி

இதைத் தனியாகச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வீண். விண்ணப்பம் போட்ட சில நாளில் மாமா, மச்சான், சில நேரம் ஊர்ப் பெரியவர்கள் இன்னொரு தாளோடு வருவார்கள்: "கோபத்தில் சொல்லிவிட்டேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை." இதிலும் கையெழுத்து, இதுவும் சத்தியக் கடதாசி. அவர் திரும்பிப் போய்ச் சேர்ந்து வாழ நினைத்தால் அது அவர் உரிமை, அதில் நாம் நீதவான் வேலை பார்க்க முடியாது. ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று சத்தியம் செய்தால், ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு கடதாசியும் கோப்பில் கிடக்கும். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச்சாட்சி சொன்னால் ஏழு வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது, அடுத்த தரம் அடிவாங்கி வரும்போது அவரை நம்பவும் ஆள் இராது. விண்ணப்பத்தைத் தொடர விரும்பவில்லை என்று மட்டும் நீதிமன்றத்தில் சொல்லலாம், நடந்ததை மறுக்கத் தேவையில்லை. இந்த வித்தியாசத்தை முதல் நாளே அவருக்குச் சொல்லிவையுங்கள், அழுத்தம் வரும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள். மிரட்டல் வந்தால் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கப் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முறையிடலாம். மிரட்டுவதே அதில் குற்றம்.

நீதிமன்றத்துக்கு

விண்ணப்பத்தை அவர் இருக்கும் இடத்து நீதவான் நீதிமன்றத்தில் போடலாம். அவர் தற்காலிகமாகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாலும் அந்த இடம் போதும். மல்லாவியில் அடிவாங்கி வவுனியாவில் அக்கா வீட்டில் இருக்கும் பெண் வவுனியாவில் போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி வருவார். வருமானத்துக்குக் கிராம அலுவலரின் கடிதம் கேட்பார்கள், கிராம அலுவலரிடம் காரணம் முழுக்கச் சொல்லத் தேவையில்லை.

மூலக் கடதாசி நீதிமன்றத்துக்கு, ஒரு பிரதி சட்டத்தரணிக்கு, ஒன்று பெண்ணுக்கு. பெண்ணின் பிரதி அவர் வீட்டு அலுமாரியில் இருக்கக் கூடாது. சகோதரி வீட்டிலோ, நம்பிக்கையான ரீச்சரிடமோ இருக்கட்டும். போனில் மிரட்டல் குரல் பதிவு இருந்தால் அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதை நீதிமன்றத்தில் போடுவதற்கு முன்னறிவித்தல் போன்ற நடைமுறை உண்டு, அது சட்டத்தரணியின் பாடு.

நிலைமை அவசரம் என்று நீதவான் கருதினால் அன்றைக்கே இடைக்காலக் கட்டளை தரலாம். விசாரணைக்கு 14 நாளுக்குள் திகதி போடுவார்கள். எதிராளி வராவிட்டாலும் விசாரணை நடக்கலாம். பாதுகாப்புக் கட்டளை கிடைத்தால் அதிகபட்சம் 12 மாதம். வீட்டுக்குள் வரக் கூடாது, வேலை இடத்துக்கு வரக் கூடாது, தொடர்பு கொள்ளக் கூடாது என்று அதில் இருக்கலாம். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கட்டளையின் பிரதி பொலிசுக்குப் போகும் என்றாலும் நீங்களும் ஒரு பிரதியோடு அவரைக் கூட்டிக்கொண்டு பெண்கள், சிறுவர் பணியகத்துக்குப் போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள். இரவு பத்து மணிக்கு அவர் போன் எடுக்கும்போது அந்த முக அறிமுகம் வேலை செய்யும்.

கட்டளை முடியும் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். நீடிப்புக் கேட்கிறதானால் அதற்கு ஒரு மாதம் முதலே சட்டத்தரணியிடம் போக வேண்டும், அப்போது இன்னொரு சிறிய சத்தியக் கடதாசி தேவைப்படும்: கட்டளைக்குப் பிறகு ஆள் எத்தனை தரம் படலையில் வந்து நின்றது, என்ன சொன்னது, யார் பார்த்தது. அதற்காக இன்றைக்கே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்து, அன்றன்று திகதி போட்டு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மகள் எழுதட்டும் என்று விட வேண்டாம், கிழமைக்கு ஒரு தரம் நீங்கள் போய்க் கேட்டு எழுதுங்கள்.